மாணவ தெரபிஸ்டுக்குப் பின்னூட்டம்: குறுக்கிட்டுச் சொல்வதா, எழுதித் தருவதா, வீடியோ போட்டுப் பார்ப்பதா?

பேச்சு-மொழி சிகிச்சை பயிலும் மாணவர்களை மேற்பார்வை செய்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பழக்கமாக்கிக்கொள்கிறோம். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தபின் நான் வீடியோவையே முதன்மையாக வைத்திருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் சிறிய இடம்.

செஷனுக்கு நடுவே குறுக்கிடுவது பாதுகாப்புக்கு மட்டும். விழுங்குதல் சிகிச்சையில் நோயாளி ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் குரல் களகளவென்று ஈரமாகிறது (தண்ணீர் மூச்சுப்பாதைப் பக்கம் போயிருக்கலாம் என்பதன் அறிகுறி), அதைக் கவனிக்காமல் மாணவர் அடுத்த கரண்டியை எடுக்கிறார் என்றால் உடனே நிறுத்தத்தான் வேண்டும். உச்சரிப்புப் பயிற்சியில் அந்த அவசரம் இல்லை. அங்கே இரண்டு தடவை குறுக்கிட்டாலே போதும், குழந்தை மாணவரை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

எழுதிக் கொடுப்பது மலிவானது, வேகமானது, கோப்பிலும் நிற்கும். கெடுவது எழுதும் விதத்தில்தான். ‘இன்னும் உற்சாகமாகச் செய்யவும்’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு மாணவர் அடுத்த வாரம் எதை மாற்றுவார்? ‘படம் காட்டிய ஒரு நொடிக்குள் 12 தடவையில் 9 தடவை நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், 5 நொடி காத்திருங்கள்’ என்றால் மாற்ற முடியும். ஒரு செஷனுக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் அதை மதிப்பெண் பட்டியலாகத்தான் படிப்பார்கள்.

இவ்வளவு கவனமாக எழுதினாலும் ஒரு விஷயத்தில் எழுத்து தோற்றுப்போகிறது: மாணவரின் கணக்கெடுப்பு. நான் வீடியோவுக்கு மாறியது இதற்காகத்தான்.

‘க’வுக்குப் பதில் ‘த’ சொல்லும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ‘காக்கா’ என்பது ‘தாத்தா’ ஆகிறது. 20 முயற்சிகளில் 16 சரி, 80 சதவீதம் என்று மாணவர் குறித்திருக்கிறார். சொல் நிலையில் 80 தொட்டால் சொற்றொடருக்குப் போகலாம் என்பது திட்டம். அதே 20 முயற்சிகளை நீங்கள் தனியாக எண்ணினால் 11தான் வருகிறது, 55 சதவீதம். மீதி 5 எங்கே போனது? மூன்று இடங்களில் மாணவரின் விரல், ‘க’ வாயின் பின்பக்கம் பிறக்கும் ஒலி என்று காட்டுவதுபோல், தன்னையறியாமல் தன் தொண்டைக்குப் போயிருக்கிறது. குழந்தை அந்தச் சைகையைப் பார்த்துத்தான் ‘க’ சொல்லியிருக்கிறது. இரண்டு இடங்களில் ‘த’வே ‘க’வாக மாணவரின் காதில் விழுந்திருக்கிறது, எதிர்பார்த்ததையே கேட்கும் காது அது. உங்கள் குறியும் மாணவரின் குறியும் 20க்கு 15 இடங்களில்தான் ஒத்துப்போகின்றன, அதாவது 75 சதவீதம். இந்தக் கணக்கை நம்பி மேலே போனால் குழந்தை சொற்றொடரில் தடுமாறும். மாணவரோ பயிற்சிப் பொருளில் குறை தேடுவார்.

இதைத் தாளில் எழுதினால் மாணவர் தலையாட்டுவார், நம்பமாட்டார். திரையில் தன் விரல் தொண்டையைத் தொடுவதைப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

செய்யும் முறை எளிது. முழு செஷனையும் பார்க்காதீர்கள். 5 நிமிடத் துண்டு போதும். தொடக்க மாணவருக்குத் துண்டை நீங்கள் தேர்ந்தெடுங்கள், பழகியவர் தானே தேர்ந்தெடுக்கட்டும். இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறியுங்கள்: உதவியின்றிச் சரி, உதவியோடு சரி, தவறு என்று மூன்று கட்டங்கள். சரி, தவறு என இரண்டே கட்டம் வைத்தால் மேலே சொன்ன மூன்று சைகைகளும் ஒளிந்துகொள்ளும். பிறகு குறி மாறும் இடத்தில் மட்டும் நிறுத்தி, ‘இங்கே என்ன கேட்டது?’ என்று முதலில் மாணவரையே சொல்ல விடுங்கள். கடைசியில் அடுத்த செஷனுக்கு ஒரே ஒரு மாற்றம். அடுத்த முறையும் அதையே எண்ணிப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பதிவுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும், எப்போது அழிப்பது என்ற தேதியும் முதலிலேயே வேண்டும். கேமராவில் குழந்தையின் வாயும் மாணவரின் கைகளும் ஒரே காட்சிச் சட்டகத்துக்குள் விழ வேண்டும். ஜன்னல் குழந்தைக்குப் பின்னால் இருந்தால் உதடு கறுத்துப்போகும்.

ஒரு விதிவிலக்கு: ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகள் சரியா தவறா என்று தீர்மானிக்கப் போன் பதிவை மட்டும் நம்பாதீர்கள். பதிவில் உயர் அதிர்வெண்கள் அமுங்கிப்போனால் இரண்டையும் பிரித்துக் கேட்பது கடினமாகிவிடும். அந்த இலக்குகளுக்கு அறைக்குள்ளேயே உட்கார்ந்து, மாணவரோடு சேர்ந்து நேரடியாகக் குறியுங்கள்.

செஷன் நடக்கும்போதே மாணவர் காதில் மாட்டியிருக்கும் சிறு ஒலிக்கருவி வழியாக ‘காத்திரு’, ‘சைகை வேண்டாம்’ என்று மெதுவாகச் சொல்லித் தரும் முறையை ஒருசில தொடக்க மாணவர்களிடம் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அவசரப்படும் கையை அது உடனே அடக்குகிறது. கருவியைக் கழற்றிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கிறதா என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.