அலுமினியம் லேசர் கட்டிங்: நைட்ரஜனா, கம்ப்ரஸர் காற்றா?

ஃபைபர் லேசரா, கார்பன் டை ஆக்சைடு லேசரா என்ற கேள்வியை அலுமினியத்தைப் பொறுத்தவரை விட்டுவிடலாம். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் கதிரை அலுமினியம் பெரும்பாலும் திருப்பி அடித்துவிடும். ஃபைபரின் 1 மைக்ரான் ஒளியை அதைவிட நன்றாக உறிஞ்சும். அடுத்த கேள்வி, உருகிய உலோகத்தைத் தள்ளிவிட நாசில் வழியாக எதை ஊதுவது? நான் காற்றுக்கு மாறிவிட்டேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

நைட்ரஜனின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெட்டிய ஓரம் பளிச்சென்று இருக்கும், ஆக்சைடு படியாது. ஆனால் 10 பார் அழுத்தத்துக்கு மேல் ஊதும்போது சிலிண்டர் காலியாகும் வேகம் வயிற்றைக் கலக்கும்.

காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். அதனால் ஓரம் மங்கி, லேசாகச் சொரசொரப்பாகும். ஆனால் கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தால் ஷீட்டின் அடியில் உறைந்து ஒட்டும் பிசிறு குறையும். நைட்ரஜனோடு சில சதவீதம் ஆக்சிஜன் கலந்து ஊதுகிறவர்கள் இதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

காற்றில் உண்மையான தலைவலி பராமரிப்பு. கம்ப்ரஸரிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் ஈரமும் கட்டிங் ஹெட்டின் பாதுகாப்புக் கண்ணாடியில் படியும். கண்ணுக்கே தெரியாத புள்ளிதான், கதிர் பட்டதும் அங்கே சூடேறி, ஃபோகஸ் நகர்ந்துவிடும். முதல் அறிகுறி ஷீட்டின் அடியில் பிசிறு தடிப்பது. ஆபரேட்டர் வேகத்தைக் குறைப்பார், ஃபோகஸை மாற்றுவார், அப்புறம் ஷீட்டைத் திட்டுவார். கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பது கடைசியில்தான். ஈரத்தை எடுக்கும் டிரையருக்குப் பின்னால் எண்ணெய் பில்டர், அதற்கும் பின்னால் கார்பன் பில்டர், இந்த வரிசையில் எதையும் விடக்கூடாது. பில்டர் எலிமென்ட்டைத் தேதி போட்டு மாற்ற வேண்டும். தண்ணீர் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். லேசரை அணைத்துவிட்டு, காற்றை மட்டும் திறந்து நாசிலுக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். கறை விழுந்தால் அன்றைக்கு வெட்டாதீர்கள். இதைச் செய்ய ஆள் இல்லாத பட்டறைக்கு நைட்ரஜனே நல்லது.

வெல்டிங்குக்குப் போகும் ஜாப் என்றால் கதை வேறு. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். அதன் ஆக்சைடோ 2000 டிகிரி தாண்டினால்தான் உருகும். காற்றில் வெட்டிய ஓரத்தைத் தேய்க்காமல் டிக் வெல்டிங் செய்தால் அந்தத் தோல் குறுக்கே நிற்கும். தேய்க்கும் கூலி சேர்ந்தால் காற்றின் லாபம் கரைந்துவிடும்.

8 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் காற்றில் நான் அதிகம் வெட்டியதில்லை, அதனால் தடித்த தகட்டுக்கு என் பேச்சை நம்ப வேண்டாம். 3, 4 மில்லியில் வளைத்து, திருகு போட்டு மூட்டும் பிராக்கெட், கவர் எல்லாம் என்னிடம் காற்றில்தான் ஓடுகின்றன. வெல்டிங் ஜாப்களை மட்டும் சேர்த்துவைத்து, ஒரே ஓட்டமாக நைட்ரஜனில் வெட்டிவிடுகிறேன்.