மூடினால் எத்தனை அங்குலம் மிஞ்சும்? பிக்கப் பெட்டின் ஆழமும் கவர்களும்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கப் போனால் முதல் பேச்சே நீளத்தைப் பற்றித்தான் இருக்கும். பின்பக்க பெட், அதாவது சாமான் ஏற்றும் திறந்த தொட்டி, ஐந்தரை அடியா, ஆறரை அடியா, எட்டடியா? நானும் நீளத்தைக் கேட்டுத்தான் என் முதல் பிக்கப்பை வாங்கினேன், பெட்டை மேலே மூட ஒரு கவரும் போட்டுக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து, சென்னையிலிருந்து வந்த நான்கு பேரையும் அவர்களுடைய எட்டுப் பெட்டிகளையும் அழைத்துவர டாலஸ் விமான நிலையத்துக்குப் போனேன். ஐந்து பெட்டிகளைப் படுக்கவைத்ததுமே தரை நிறைந்துவிட்டது. அதன் மேல் இன்னொரு அடுக்கு வைத்தால் கவர் மூடவில்லை. "மாப்ள, பக்கவாட்டுல நிக்க வெச்சுப் பாருங்க" என்றார் மாமா. நிற்க வைத்தோம். கவரின் குறுக்குக் கம்பி பெட்டிகளின் கைப்பிடியில் இடித்தது. கடைசியில் கவரைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். பாதி வழியில் மழை. அத்தை பார்த்துப் பார்த்துக் காயவைத்துக் கொண்டுவந்த வடகம் நனைந்து கூழாகிவிட்டது.

திறந்த பெட்டில் ஆழம் அவ்வளவு முக்கியமில்லை. சாமான் மேலே துருத்திக்கொண்டு நின்றால் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். கவர் போட்ட அடுத்த நிமிடமே அது மேல்தட்டு வைத்த ஒரு பெட்டியாகிவிடுகிறது. அப்புறம் நீளம் ஆறரை அடியாக இருந்தாலும், மேலே ஓர் அங்குலம் குறைந்தால் சாமான் உள்ளே போகாது. ஆகவே கவரை எப்போதும் மூடியே வைத்திருக்கப் போகிறவர்கள் ஆழத்தைப் பார்த்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த எட்டுப் பெட்டிகளையே அளவுகோலாக வைத்து வண்டிகளையும் கவர்களையும் பார்த்துவிடலாம்.

பல விமான நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஏற்றும் பெரிய பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 62 அங்குலம், அதாவது 158 சென்டிமீட்டர் வரம்பு. கடையில் விற்கும் பெரிய பெட்டிகள் 30, 20, 12 என்ற கணக்கை ஒட்டியே இருக்கும். படுக்கவைத்தால் உயரம் 12, இரண்டு அடுக்கு என்றால் 24. நான் இங்கே சொல்லப்போகும் எந்த வண்டியிலும் 24 அங்குல ஆழம் கிடையாது. பக்கவாட்டில் நிறுத்தினால் உயரம் 20. கவருக்கு அடியில் 20 அங்குலம் சுத்தமாகக் கிடைத்தால் ஐந்தரை அடி பெட்டிலேயே ஏழு பெட்டிகள் சிரமமில்லாமல் போகும். உள்ளே சக்கரத்துக்காகப் புடைத்து நிற்கும் மேடு இருக்கிறதல்லவா, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அகலமான இடத்தில் குறுக்கே இரண்டிரண்டாக நிறுத்தினால் எட்டாவதுக்கும் இடம் தேறிவிடும். 20 கிடைக்கவில்லை என்றால் ஐந்தோடு சரி.

வண்டிகள்

முழு அளவு வண்டிகளில் செவர்லே சில்வராடோ 1500தான் ஆழத்தில் முன்னால் நிற்கிறது: 22.4 அங்குலம். ஃபோர்டு எஃப்-150 21.4. ராம் 1500 கிட்டத்தட்ட அதே அளவு. 2022இல் புதுப்பிக்கப்பட்ட டொயோட்டா டன்ட்ரா 20.9. காகிதத்தில் பார்த்தால் முதலுக்கும் கடைசிக்கும் ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம், கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஆனால் 20 அங்குலப் பெட்டியை வைக்கும்போது அந்த ஒன்றரை அங்குலம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெட்டின் தரையில் பெரும்பாலானவர்கள் ரப்பர் பாய் விரிப்பார்கள். அதன் தடிமன் பொதுவாக முக்கால் அங்குலத்தில் பாதி. மேலே துணிக் கவராக இருந்தால் அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிக்கு ஓர் அங்குலம் விடவேண்டும். எஃப்-150இன் 21.4இல் இவை இரண்டும் போக ஏறக்குறைய 20 மிஞ்சும். பெட்டியும் 20, அதன் கைப்பிடி இன்னும் அரை அங்குலம் மேலே நிற்கும். அதாவது இடிக்கும். சில்வராடோவில் 21 மிஞ்சுகிறது, கை நுழைகிற இடைவெளி இல்லாவிட்டாலும் கவர் நிம்மதியாக மூடும். டன்ட்ராவில் பத்தொன்பதரைக்கு வந்துவிடுகிறது. அங்கே பெட்டியைப் படுக்கவைப்பதைத் தவிர வழியில்லை. ரப்பர் பாய்க்குப் பதில் கம்பளம் போன்ற நுரை விரிப்பைப் போட்டிருந்தால் இன்னும் மோசம். முழங்காலுக்கு இதமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் முக்கால் அங்குலத்துக்கு இருப்பது உண்டு, அத்தனையும் ஆழத்திலிருந்துதான் போகிறது.

சில்வராடோவுக்கு இன்னொரு பலமும் உண்டு. 2019 மாடலில் பெட்டின் தரையை 7 அங்குலம் அகலப்படுத்தினார்கள். அதனால் அதன் குட்டை பெட்டின் கொள்ளளவு 62.9 கன அடி. எஃப்-150இன் ஐந்தரை அடி பெட்டுக்கு 52.8, ராமுக்கு 53.9. நீளத்தில் இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று அங்குலத்துக்குள்தான். மீதி எல்லாம் அகலத்திலும் ஆழத்திலும் வந்தது. கவர் போட்டு ஓட்டுகிறவருக்குப் பத்து கன அடி சின்ன விஷயமில்லை. வண்டி ஓட்டும் சுகத்தில் ராம் மேல் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மூடிய பெட்டை மட்டும் பார்த்தால் என் ஓட்டு சில்வராடோவுக்கு.

சின்ன வண்டிகளில் கதையே வேறு. ஃபோர்டு மேவரிக் பெட்டின் ஆழம் 20.3, நீளம் 54.4, சக்கர மேடுகளுக்கு இடையே 42.6. விலைக்கு அருமையான வண்டி, ஆனால் பாய், கவர் எல்லாம் போட்டபின் பெரிய பெட்டியை நிற்கவைக்க முடியாது. மேடுகளுக்கு இடையே படுக்கவைத்தால் மூன்றுதான். 2016 முதல் 2023 வரை வந்த டொயோட்டா டக்கோமாவில் ஆழம் 19.1. பழைய டக்கோமா வாங்கிக் கவர் போட நினைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் உழைக்கிற வண்டி, ஆனால் ஆழமான பெட் கிடையாது.

ஹோண்டா ரிட்ஜ்லைன் மட்டும் தனி ரகம். மேல் பெட்டின் ஆழம் சுமார் 17 அங்குலம்தான், இங்கே சொன்னவற்றில் இதுவே குறைவு. ஆனால் பெட்டின் தரைக்கு அடியில் பூட்டு வைத்த 7.3 கன அடிப் பெட்டகம் ஒன்று இருக்கிறது, தண்ணீர் வடிய அடியில் அடைப்பானும் உண்டு. மழைக்கும் திருட்டுக்கும் பயந்துதான் கவர் போடுகிறீர்கள் என்றால் ரிட்ஜ்லைனில் கவரே தேவைப்படாமல் போகலாம். மளிகை, கருவிகள், இரண்டு சின்னப் பைகள் எல்லாம் கீழே பத்திரமாக இருக்கும். சக்கர மேடுகளுக்கு நடுவே 50 அங்குலம் இருப்பதால் நாலுக்கு எட்டு பிளைவுட் பலகையையும் தட்டையாகப் படுக்கவைக்கலாம். ஆனால் அது கவர் போட்ட பெட்டில் உயரமான சாமான் வைக்கும் வண்டி இல்லை. எட்டுப் பெட்டிப் பரீட்சையில் அது தோற்றுவிடும்.

கவர்கள்

வண்டி கொடுத்த ஆழத்தை நல்ல கவர் காப்பாற்றும், தப்பான கவர் விழுங்கிவிடும். கடைக்காரர்கள் பூட்டைப் பற்றியும் பளபளப்பைப் பற்றியும் பேசுவார்கள். அடியில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில், தண்டவாளத்தில் ஓடி உள்ளே சுருண்டுகொள்ளும் கவர். பார்க்க மிக அழகு, ஒரு கையால் திறந்து மூடலாம், பாதியில் நிறுத்திப் பூட்டவும் முடியும். டெஸ்லா சைபர்டிரக்கில் இப்படிப்பட்ட மோட்டார் கவர் தொழிற்சாலையிலேயே வந்துவிடுகிறது. கடையில் வாங்கிப் பொருத்தும் வகையில், கவர் சுருண்டு உட்கார ஒரு டப்பா வேண்டும், அது கேபினை ஒட்டிப் பெட்டின் முன்மூலையில் தொங்கும். முன்னும் பின்னும் சுமார் 10 அங்குலம், கீழ்நோக்கியும் ஏறக்குறைய அதே அளவு. எஃப்-150இல் டப்பாவுக்கு அடியில் பதினொன்றரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். நம் பெட்டியைப் படுக்கவைத்தாலே 12. ஆக முன்வரிசையில் நிற்கவேண்டிய இரண்டு பெட்டிகளுக்கும் இடமில்லை. ஐந்தரை அடி பெட் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வகையை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆறரை அடி, எட்டடி என்றால் யோசிக்கலாம். அப்போதும் டப்பாவிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய்களில் இலைச் சருகு அடைக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் கொட்டும்.

மூன்றாகவோ நான்காகவோ மடிகிற கெட்டிக் கவர்தான் பலருக்குப் பிடித்தது. அதன் பலகைகள் பெட்டின் விளிம்புக்கு மேலே உட்காரும் மாதிரியும் உண்டு, விளிம்புக்குள்ளே இறங்கி உட்காரும் மாதிரியும் உண்டு. உள்ளே இறங்குவது பார்வைக்குச் சீராக இருக்கும், ஆனால் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஆழத்தைத் தின்றுவிடும். அழகைவிட ஆழம் முக்கியம் என்பதால் மேலே உட்காரும் மாதிரியையே கேட்டு வாங்குங்கள். கேபின் ஓரம்வரை முழுக்க மடித்து நிமிர்த்தக்கூடிய வகையாக இருந்தால், உயரமான சாமானை ஏற்றும் நாளில் கவரைக் கழற்ற வேண்டியதில்லை. பின்கண்ணாடி மறைந்துவிடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பனி கொட்டும் ஊர்களில் இந்த வகைக்குத்தான் மதிப்பு, 300 முதல் 400 பவுண்டு வரை சமமாகப் பரவிய சுமையைத் தாங்கும் என்று சொல்லியே பல மாதிரிகளை விற்கிறார்கள்.

துணி போல் சுருட்டும் வினைல் கவரைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். கத்தி வைத்துக் கிழித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் விலை குறைவு, பத்து வினாடியில் முழுப் பெட்டும் திறந்துவிடும், டப்பா கிடையாது. குறுக்குக் கம்பிகள் நான்கைந்து இடத்தில்தான் இருக்கும், அவற்றுக்கு நடுவே முழு ஆழமும் கிடைக்கும். என் மாமா சொன்ன யோசனை இந்த வகையில்தான் பலித்தது. கம்பிகள் எங்கே வருகின்றன என்று பெட்டின் விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டு, கைப்பிடிகள் அவற்றுக்கு இடையில் வருமாறு பெட்டிகளை நகர்த்தி வைத்தேன். அடுத்த முறை அத்தையும் மாமாவும் வந்தபோது அதே வண்டியில், அதே கவருக்கு அடியில் ஏழு பெட்டிகள் போயின. எட்டாவது மடியில்.

ஒரே பலகையாக வரும் ஃபைபர் கிளாஸ் மூடி, காரின் டிக்கி போல் பின்னாலிருந்து தூக்கித் திறப்பது. நடுவில் லேசாக வளைந்திருக்கும் மாதிரிகளில் ஆழம் கொஞ்சம் கூடவே கிடைக்கும். நன்றாகப் பூட்டும், வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து வாங்கலாம். ஆனால் ஒரு குளிர்சாதனப் பெட்டி ஏற்ற வேண்டும் என்றால் இரண்டு பேர் சேர்ந்து அதைக் கழற்றி எங்காவது வைக்க வேண்டும். அபார்ட்மென்டில் இருப்பவர் எங்கே வைப்பார்?

அடிக்கடி 20 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இந்தத் தட்டைக் கவர்கள் எதுவுமே பொருந்தாது. அவர்களுக்குக் கேபின் உயரத்துக்குக் கூண்டு போல நிற்கும் டாப்பர்தான் சரி. நாய், சைக்கிள், கூடாரம் எல்லாம் உள்ளே போகும். ஆனால் அதுவும் சுலபமாகக் கழற்றக்கூடியது இல்லை.

சமையல் எரிவாயு சிலிண்டரைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். வீட்டு பார்பெக்யூவுக்கு வாங்கும் 20 பவுண்டு புரொபேன் சிலிண்டரின் உயரம் சுமார் 18 அங்குலம். முழு அளவு வண்டிகள் எதிலும் கவருக்கு அடியில் நிமிர்ந்து நிற்கும், ரிட்ஜ்லைனில் நிற்காது. நிற்கிறது என்பதற்காக மூடிவிடாதீர்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையிலேயே தங்கிவிடும். சிலிண்டரை நிமிர்த்தி, உருளாமல் கட்டி, கவரைத் திறந்துவைத்தே எடுத்துச் செல்லுங்கள்.

அளக்கப் போகும்போது ஷோரூம் அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தரையில் வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும், மேட்டின் மேல் டேப்பை வைத்து அளந்தால்தான் சாமானுக்குக் கிடைக்கும் உயரம் தெரியும். கேபின் பக்கம், நடுவில், பின்கதவான டெயில்கேட் பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். வீட்டிலிருந்து ஒரு காலிப் பெட்டியையும் கொண்டுபோங்கள். நான் இரண்டாவது வண்டி பார்க்கப் போனபோது அப்படித்தான் செய்தேன். விற்பனைக்காரர் காரணம் கேட்டார், சொன்னதும் அவரே கவர் போட்ட வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்து மூடிக் காட்டினார்.