பட்டுக்குத் தண்ணி ஆகும், ஃபோல்ஸுக்குத்தான் ஆகாது

போன கிழமை ஒரு கல்யாண வீடு முடிந்த கையோடு சிநேகிதி ஒருத்தி கேட்டாள்: "டிரை க்ளீனுக்குக் குடுக்காமல் வீட்டில தோய்ச்சால் சேலை பழுதாகாதோ?" மூன்று வருடமாகப் பட்டு, ஷிஃபோன், ஜோர்ஜெட், பட்டு வேட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே தோய்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பட்டு பழுதாகாது. தறிக்கு வரமுன்னமே அந்த நூல் கொதிக்கிற சவர்க்காரத் தண்ணியில் அவிந்து பசை நீங்கி, சாயத்தொட்டியிலும் முங்கி வந்ததுதான். பேசன் தண்ணி அதற்குப் புதுசில்லை. சேலையைக் கெடுப்பது பட்டோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிற சாமான்கள். அதிலும் ஒன்று, கீழ்க்கரையில் தைக்கிற ஃபோல்ஸ் பட்டி, என் பொறுமையைச் சோதித்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முறை. ஒரு சேலைக்கு ஒரு பேசன், 10 லீற்றர் பச்சைத் தண்ணி, ஒரு மேசைக்கரண்டி பேபி ஷம்பூ அல்லது கம்பளி தோய்க்கிற திரவம். சாதாரண சலவைத் தூள் வேண்டாம். தூளின் காரம் பட்டின் மினுக்கத்தைத் தின்றுவிடும். கறை போக்கும் என்சைம் உள்ள தூள் இன்னும் மோசம். புரதத்தைக் கரைக்கத்தான் அந்த என்சைம், பட்டும் கம்பளியும் புரதம்தான். 3 முதல் 5 நிமிடம், அதற்கு மேல் ஊற விடக்கூடாது. உள்ளங்கையால் அமத்தி அமத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் ஈர இழை உரசுப்பட்டு வெள்ளைக் கோடு விழும், அது பிறகு போகாது.

அதற்கு முன் சாயம் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணித்துண்டை ஷம்பூத் தண்ணியில் நனைத்து, கரை, உடல், முந்தானை மூன்றிலும் உட்பக்கமாக 2 நிமிடம் அமத்திப் பிடியுங்கள். மூன்றிலும் என்றால் மூன்றிலும்தான். பச்சை உடல் சாயம் விடாமல், அரக்குக் கரை சாயம் விட்டுக் கெட்ட சேலைகள் எத்தனையோ. துண்டில் நிறம் ஏறினால் தோய்க்கிற யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கொழும்பு பைப் தண்ணி மென்தண்ணி. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணியில் கை பழகியவர்கள் அதே அளவு சவர்க்காரத்தை இங்கே ஊற்றிவிட்டு, நுரை போகாமல் ஏழெட்டுத் தரம் அலசுவார்கள். ஒரு மேசைக்கரண்டியோடு நின்றால் மூன்று அலசல் போதும். சரிகை இல்லாத பட்டென்றால் கடைசி அலசலில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விடலாம், மினுக்கம் திரும்பும். செம்புச் சரிகைக்கு வினாகிரி ஆகாது, பச்சை பூக்கும்.

இனி, எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம். டிரை க்ளீன் என்பது தண்ணிக்குப் பதில் கரைப்பானில் அலசுவது. பல இடங்களில் பாவிக்கிற பேர்குளோரோஎதிலீன் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே எடுக்கும். வியர்வை உப்பும் சர்பத்துச் சீனியும் தண்ணியில் கரைகிற சாமான்கள், தனிக் கரைப்பானுக்கு அவை அசையாது. கொழும்பு வெக்கையில் கல்யாண மண்டபத்தில் நாலு மணித்தியாலம் உடுத்த சேலையில் இருப்பது முக்கால்வாசி வியர்வை. கடையில் மடித்து வந்த சேலை அலுமாரியில் ஆறு மாதம் கிடந்து அக்குள் பக்கம் மஞ்சளாவது இதனால்தான். தண்ணியில் அலசினால் அந்தப் பிரச்சினை இல்லை. பேர்குளோரோஎதிலீனை டிரை க்ளீன் தொழிலிலிருந்து பத்து வருடத்துக்குள் அகற்ற வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் 2024 டிசம்பரில் விதியே போட்டிருக்கிறது.

லேபிளைப் பற்றியும் ஒரு சொல். வட்டத்துக்குள் P இருந்தால் டிரை க்ளீனுக்கு எந்த வகைக் கரைப்பான் பாவிக்கலாம் என்று மட்டுமே அர்த்தம். தோய்க்கக் கூடாது என்றால் தண்ணித்தொட்டிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருக்கும்.

இப்போது ஃபோல்ஸ். சேலையின் கீழ்க்கரையில் உட்பக்கமாகத் தைக்கிற அந்த நாலைந்து அங்குலப் பருத்திப் பட்டி. பட்டு அவ்வளவாகச் சுருங்காது, பருத்தி சுருங்கும். நூற்றுக்கு 3 சுருங்கினாலே இரண்டரை மீற்றர் பட்டியில் ஏழரை சென்ரிமீற்றர் காணாமல் போகும். அவ்வளவு பட்டும் கரையில் அலையலையாகச் சுருண்டு நிற்கும். சேலையில் ஒரு குறையும் இல்லை, சாயம் போகவில்லை, சரிகை மின்னுகிறது, ஆனால் உடுத்தால் கொசுவம் கால் பக்கம் கோழிக்கொண்டை மாதிரி! பட்டி இருக்கிற இடம் இரண்டு மடிப்பாதலால் கடைசியாகக் காய்வதும் அதுதான். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டதென்று மடித்தால் இரண்டு கிழமையில் பூஞ்சணம்.

இதில் இன்னொரு வேடிக்கை. கரைப்பானில் பருத்தி அப்படிச் சுருங்காது. ஆகவே "டிரை க்ளீன்" என்று ரசீது எழுதிக் குடுத்த கடையிலிருந்து ஃபோல்ஸ் சுருண்டு வந்தால், அதைத் தண்ணியில்தான் தோய்த்திருப்பார்கள் என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. அளவுக்கு மீறி நீராவி பிடித்தாலும் கொஞ்சம் சுருங்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முழுக்கரையும் சுருண்டால் அது நீராவி இல்லை. நான் குடுத்த ஒரு கடை இப்படித்தான் செய்தது. தண்ணிக்கு டிரை க்ளீன் காசு!

பரிகாரம் உண்டு. புதுச் சேலைக்குப் பட்டியைத் தனியாக நீங்களே வாங்குங்கள். கொதிதண்ணி ஊற்றி ஆறும்வரை விட்டு, காயப்போட்டு, அயன் பண்ணி, அதற்குப் பிறகு தையல்கடையில் குடுங்கள். ஏற்கெனவே கழுவின பட்டி என்று கடையில் சொன்னாலும் கொதிதண்ணி ஊற்றுங்கள். சாயம் விடுகிற பட்டியும் அப்போதே பிடிபடும். மெஷின் தையல் வேண்டாம், கையால் தளர்வாக ஹெம் பண்ணச் சொல்லுங்கள். ஏற்கெனவே சுருண்டதென்றால் மேல்விளிம்புத் தையலையும் இரண்டு முனைகளையும் பிரித்து, பட்டியை ஈரமாக இழுத்து அயன் பண்ணித் திரும்பத் தைக்கலாம். அரை நாள் வேலை. பொலியெஸ்டர் பட்டி சுருங்காது, ஆனால் அயன் கொஞ்சம் சூடானாலே உருகி இழுபடும்.

காயப்போடுவது. பிழியாமல் பெரிய துவாயில் சுருட்டி அமத்துங்கள். வேறு நிறக் கரையென்றால் இதை உடனே செய்ய வேண்டும், சாயம் பரவுவது பேசனில் இருப்பதை விட ஈரத்தோடு மடிந்து கிடக்கும்போதுதான். நைலோன் கொடி வேண்டாம், தடம் விழும். தடித்த கம்பியில், வெயில் படாமல், ஃபேனுக்குக் கீழே. வெள்ளவத்தையில் கடல் பார்த்த பல்கனி உள்ளவர்கள் அங்கே சரிகையைக் காயப்போட வேண்டாம், உப்புக்காற்றில் கறுக்கும். கொஞ்ச ஈரம் இருக்கும்போதே மறுபக்கமாக இரண்டு புள்ளி சூட்டில் அயன். தண்ணி தெளித்து அயன் பண்ணினால் சொட்டுச் சொட்டாகக் கறை தெரியும்.

வோஷிங் மெஷினில் பொலியெஸ்டர் ஷிஃபோனும் பொலியெஸ்டர் ஜோர்ஜெட்டும் தாராளமாகப் போகும். சேலையை விசிறி மடிப்பாக மடித்து வலைப்பையில், முன்கதவு மெஷினில், கைத்தோய்ப்பு புரோகிராமில், நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் சுழற்றாமல். மேல்கதவு மெஷின் சேலையைக் கயிறாகத் திரித்துவிடும். கோட்டும் ஷெர்வானியும் எந்த மெஷினிலும் வேண்டாம். உள்ளே ஒட்டிய கன்வஸ் கழன்று கொப்புளம் போடும்.

இனி சிநேகிதிக்குப் பதில். இவ்வளவு புகழ்ந்த பிறகு சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: உன்னுடைய கூறைச்சேலையைத் தோய்க்காதே. அரக்குக் கரை, செம்புச் சரிகை, மெஷினில் இறுக்கித் தைத்த ஃபோல்ஸ், அதுவும் ஐப்பசி மழையில். நல்ல கடையாகப் பார்த்துக் குடு, வியர்வை பட்ட இடத்தைக் காட்டிச் சொல்லு. மற்றச் சேலைகளைக் கொண்டு வா. வரமுன் ஃபோல்ஸைப் பிரித்துவிட்டு வா.