பிலிப்பைன்ஸின் பத்தாம் எண் ஜெர்சி: துணி நன்று, எழுத்து நிற்கவில்லை

பிலிப்பைன்ஸ் தேசியக் கால்பந்து அணியின் நீல நிற ஜெர்சி ஒன்றை, முதுகில் அந்த அணியின் முன்னாள் வீரர் ஃபில் யங்ஹஸ்பண்டின் பெயரையும் 10 என்ற எண்ணையும் பதித்துத் தரும்படி கேட்டு, இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். நான்கு மாதங்கள் உடுத்தித் துவைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

துணியில் குறையே இல்லை. மெல்லிய பாலியெஸ்டர், வியர்வை விரைவில் உலர்ந்துவிடுகிறது, சாயம் போகவில்லை, கழுத்துப்பட்டை தொய்யவில்லை. மார்பிலுள்ள சின்னம் நூலால் தைக்கப்பட்டது; அதன் உட்புறத்தில் மென்துணி வைத்திருப்பதால் உடம்பில் உறுத்தாது. அளவு மட்டும் சற்றுச் சிறியது. வழக்கமாக எம் (M) அளவு அணிபவர்கள் எல் (L) வாங்குவது நல்லது.

குறையெல்லாம் முதுகில்தான். யங்ஹஸ்பண்ட் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் 12 எழுத்துகள். எழுத்துகளின் அகலத்தைக் குறைக்காமல், குட்டிப் பெயருக்குப் பதிப்பது போலவே பதித்திருப்பதால், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தோளில் கைப்பகுதி இணையும் தையல் வரை போய்விட்டன. கையைத் தூக்கும்போதெல்லாம் அவை மடிகின்றன. ஐந்தாவது சலவைக்குப் பின் கடைசி எழுத்தின் அடிவிளிம்பு நகம் நுழையும் அளவுக்குப் பெயர்ந்து நின்றது. உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, குளிர்ந்த நீரில்தான் துவைத்தேன்.

இதைச் சிறிய குறையென்று என்னால் விட முடியவில்லை. ஃபிலின் அண்ணன் ஜேம்ஸும் அதே அணியில் 7ஆம் எண்ணுடன் ஆடியவர் என்பதால், பெயரும் எண்ணும் சேர்ந்து தெளிவாக இருந்தால்தான் அது ஃபிலின் சட்டை. அந்தப் பெயருக்காகத்தான் நான் பணம் கொடுத்தேன்.

1987இல் இங்கிலாந்தில், ஆங்கிலேயத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த தாய்க்கும் பிறந்து, லண்டன் கால்பந்துக் கழகமான செல்சியின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர் ஃபில். ஃபுட்பால் மேனேஜர் என்னும் கணினி விளையாட்டை ஆடிய ஒருவர், இந்தச் சகோதரர்களுக்குப் பிலிப்பைன்ஸுக்காக ஆடத் தகுதி உண்டென்று அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்புக்குத் தெரிவித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. கூடைப்பந்தையே உயிராக நினைக்கும் நாட்டில் கால்பந்துக்கு அன்று கூட்டமே கிடையாது. 2010 டிசம்பரில், தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான சுசுகி கோப்பைப் போட்டியில், நடப்புச் சாம்பியனான வியட்நாமை ஹனோயிலேயே 2-0 என்று வென்ற ஆட்டம் அதை மாற்றியது. இரண்டாவது கோல் ஃபிலுடையது. அரையிறுதியை நடத்தத் தகுதியான மைதானம் சொந்த நாட்டில் இல்லாததால், இந்தோனேசியாவுக்கு எதிரான இரு ஆட்டங்களையும் ஜகார்த்தாவிலேயே ஆடித் தோற்று வந்தார்கள் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இலங்கை வாசகர்களுக்கு இந்த எண் நினைவிருக்கும். 2011இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கொழும்பில் 1-1 என்று சமன் செய்த பிலிப்பைன்ஸ், மணிலாவில் 4-0 என்று வென்றபோது அவற்றில் இரண்டு கோல்களை அடித்தவர் இவர். அடுத்த ஆண்டு நேபாளத்தில் நடந்த, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) சேலஞ்ச் கோப்பையில் ஆறு கோல்கள் அடித்தார். அணி மூன்றாம் இடம் பெற்றது. எனக்கு எல்லாவற்றிலும் பெரிது 2018 மார்ச் மாத ஆட்டம். மணிலாவின் ரிசால் நினைவு மைதானத்தில், தஜிகிஸ்தானுக்கு எதிராக, ஆட்ட நேரம் கடந்த பிறகு கிடைத்த பெனால்டியை அவர் கோலாக்கினார். அந்த 2-1 வெற்றியோடு பிலிப்பைன்ஸ் முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அது அவருடைய 50ஆவது சர்வதேசக் கோலும்கூட. 2019இல் ஓய்வு பெற்றபோது 108 ஆட்டங்களில் 52 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன.

படங்களோடு கடைக்கு எழுதினேன். பதித்துக் கொடுத்த சட்டையைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. பின்னர் எங்கள் தெருமுனையில் டி-ஷர்ட் அச்சிடுபவரிடம் கொடுத்தேன். அவர் பழைய எழுத்துகளைச் சூடேற்றி உரித்துவிட்டு, அகலம் குறைந்த எழுத்துகளைத் தோளுக்குள் அடங்கும்படி பதித்தார். எட்டுச் சலவை கண்டும் ஒரு விளிம்புகூடப் பெயரவில்லை. ஆகவே ஜெர்சியைத் தயங்காமல் வாங்குங்கள்; முதுகில் எதுவும் பதிக்காமல் வாங்கி, பெயரை உங்கள் கண்முன்னே பதித்துக்கொள்ளுங்கள்.