குவில்ட் ஓரப்பட்டிக்கு வாக்கிங் ஃபுட்: ஒன்பது மாதம் தைத்த பிறகு

தையல் மிஷினில் மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், குவில்டுக்கு (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை) ஓரப்பட்டி வைக்கிற ஒரு வேலைக்காக மட்டுமே கூட வாங்கலாம். நான் உஷா ஜானோம் மிஷினில் மாட்டி ஒன்பது மாதமாகத் தைக்கிறேன். ஆன்லைனில் 680 ரூபாய்க்குக் கிடைத்த, கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத லோ ஷாங்க் ஃபுட், அதாவது ஃபுட் மாட்டுகிற தண்டு தாழ்வாக இருக்கிற மிஷினுக்கானது. இதுவரை 4 குழந்தைப் போர்வை, ஒரு கட்டில் போர்வை முடித்திருக்கிறேன்.

முன்பு சாதாரண ஃபுட்டில் பட்டி வைக்கும்போது, துணியை நகர்த்துவதற்காக மிஷினில் கீழே இருக்கிற பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும், மேலே ஃபுட் பட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும், நடுவில் பேட்டிங் (உள்ளே வைக்கிற பஞ்சு) வேறு மெத்தென்று கிடக்கும், ஒரு பக்கம் முடிவதற்குள் பட்டி அரை இஞ்ச் தள்ளிக்கொண்டு வந்து மூலையில் சுருக்கமாகக் குவிந்துவிடும். அண்ணன் மகளுக்குத் தைத்த போர்வையில் ஒரே பக்கத்தை மூன்று தடவை பிரித்தேன். கடைசியில் துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன, மனசே ஆறவில்லை.

வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் பல் உண்டு. பக்கவாட்டில் கவை மாதிரி ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், ஊசியைப் பிடிக்கிற ஸ்க்ரூவின் மேல் அது உட்கார வேண்டும். ஊசி ஏறி இறங்க இறங்க அந்தக் கை மேல்பல்லை நகர்த்தும், அதனால் மேல் துணியும் கீழ்த் துணியும் ஒன்றாகவே போகும். நான் முதல் நாள் கையை ஸ்க்ரூவுக்குக் கீழே விட்டு மாட்டிவிட்டேன். டக் டக்கென்று சத்தம், துணி நகரவே இல்லை. பெட்டிக்குள் விளக்கத் தாள் கிடையாது, விற்ற கடைக்கு எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. இதற்கு ஒரு படம் போட்ட துண்டுச் சீட்டு வைத்திருந்தால் போதும், வைக்காதது பெரிய குறை.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் மிஷினை அளந்துவிடுங்கள். ஃபுட்டை இறக்கிவிட்டு, ஊசித் தட்டிலிருந்து ஃபுட் மாட்டுகிற ஸ்க்ரூவின் நடு வரைக்கும் ஏறக்குறைய முக்கால் இஞ்ச் இருந்தால் லோ ஷாங்க். ஒன்றேகால் இஞ்ச் பக்கம் வந்தால் இது பொருந்தாது.

இன்னும் சில குறைகள். ஃபுட் அகலமானது, அதன் ஓரத்தைத் துணி ஓரத்தோடு வைத்துத் தைத்தால் தையல் ஓரத்திலிருந்து கால் இஞ்சில் வராது, கூடுதலாகப் போய்விடும், அதனால் நான் தட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். வேகமாக ஓட்டக் கூடாது. ரிவர்ஸ் தையலும் நான் போடுவதில்லை. அந்தக் கை ஆடுகிற ஆட்டத்தில் ஊசி ஸ்க்ரூ மெல்ல மெல்லத் தளர்ந்து ஒரு தடவை ஊசியே கழன்று விழுந்தது, விரலால் திருகினால் போதாது, ஸ்க்ரூ டிரைவர் வைத்து இறுக்குங்கள்.

சரி, பட்டிக்கு வருவோம். 40க்கு 60 இஞ்ச் போர்வை என்றால் சுற்றளவு 200, முனை சேர்க்க 12 கூட்டினால் 212. 44 இஞ்ச் அகலப் பாப்லினில் கரையை வெட்டி எடுத்தால் 42 தேறும், 2.5 இஞ்ச் அகலத்தில் 6 பட்டி வெட்டிச் சாய்வாகச் சேர்த்தால் தாராளம். அரை மீட்டர் துணி போதும். நேர் ஓரத்துக்கு நேராக வெட்டிய பட்டியே நல்லது, துணியைச் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டி இழுபடும், அது வளைவுக்குத்தான். சிவப்பு, நீலம் என்றால் கட்டாயம் முதலில் நனைத்துச் சாயம் போகிறதா பாருங்கள், வெள்ளைத் துண்டுகளில் இறங்கினால் போர்வையே போச்சு.

மூலைதான் உயிர். முனைக்குக் கால் இஞ்ச் இருக்கும்போதே நிறுத்தி நூலை வெட்டிவிடுவேன். போர்வையைத் திருப்பி, பட்டியை மேல்நோக்கிச் சாய்த்து மடித்தால் ஒரு முக்கோணம் வரும், அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டியை நேர்கீழாக இறக்கி, மடிப்பு மேல் ஓரத்தோடு சமமாக இருக்கிறதா என்று பார்த்து அங்கிருந்து தைப்பேன். இந்த இடத்தில் நாலு அடுக்குத் துணியும் பேட்டிங்கும் சேர்கிறது, இங்கேதான் சாதாரண ஃபுட் வழுக்கும். வாக்கிங் ஃபுட் அத்தனை அடுக்கையும் அப்படியே ஒன்றாக நகர்த்திக்கொண்டு போகிறது. 680 ரூபாய் எனக்கு இந்த ஒரு அங்குலத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

பின்பக்கம் மடக்கி முடிப்பது கையாலா மிஷினிலா என்று கேட்டால், போர்வை யாருக்கு என்று நான் கேட்பேன். வாரம் ஒரு முறை வாஷிங் மிஷினில் விழப்போகிற குழந்தைப் போர்வைக்கு மிஷின் தையல்தான், ஆனால் முதல் தையலைப் பின்பக்கம் போட்டு, முன்பக்கம் மடக்கி, பட்டியின் ஓரத்தை ஒட்டிப் பார்த்துப் பார்த்துத் தையுங்கள். முன்னால் வைத்துப் பின்னால் மடக்கினால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் பட்டி தையலில் மாட்டாமல் அங்கங்கே வாய் பிளந்து நிற்கும். கல்யாணப் பரிசு, அம்மாவின் பழைய சுங்குடியை வெட்டித் தைத்தது மாதிரி என்றால் நான் கையால்தான் ஹெம்மிங் பண்ணுவேன், பட்டி நிறத்து நூலில், ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்காமல், தையல் முன்பக்கம் வராமல் பேட்டிங்கை மட்டும் தொட்டுக்கொண்டு. 200 இஞ்சுக்கு நாலு சாயங்காலம் ஆகிறது, அந்த நாலு சாயங்காலம் எனக்கு நிறைவான நேரம்.

டெய்லரிடம் கொடுத்து வாங்கலாமே என்பவர்களுக்கு, நானும் ஒரு தடவை கொடுத்தேன். பைப்பிங் வைக்கிற ஃபோல்டரில் (பட்டியைத் தானாக மடித்துக் கொடுக்கிற சின்னக் கருவி) ஓட்டி அரை மணி நேரத்தில் கொடுத்தார், ஆனால் நாலு மூலையையும் வட்டமாக வெட்டிவிட்டார். டேபிள் மேட்டுக்குச் சரி, குவில்டுக்கு வேண்டாம்.

ஃபுட் வாங்கும்போதே 90/14 நம்பர் ஊசி ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கிவிடுங்கள். பிளவுஸ் தைக்கிற 11 நம்பர் ஊசியோடு மூலையில் ஏறினால் ஊசி வளைந்து ஃபுட்டில் இடிக்கும்.