மட்டக்களப்பிலிருந்து மாலைதீவா, சிங்கப்பூரா?
கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறினால் மாலைதீவின் தலைநகர் மாலே ஒன்றரை மணித்தியாலம், சிங்கப்பூர் சுமார் நாலு. நம்ம ஊர் பஸ் கொழும்பு போய்ச் சேர அதைவிடக் கூட எடுக்கும்.

மாலைதீவு என்றதும் ரிசோர்ட் விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம், மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் இருக்கிறது, கையைக் கடிக்காது, ஆனால் அங்கே மதுபானம் கிடையாது, பிக்கினிக்குத் தனிக் கரை. காலையில் மாஸ் ஹுனி கேளுங்கள்: மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள், நம்ம மாசிச் சம்பலுக்கு அண்ணன் முறை.

சிங்கப்பூரில் தமிழும் ஓர் ஆட்சிமொழி, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் தோசையும் பிரியாணியும் தாராளம், அறை வாடகைதான் வலிக்கும்.

பாசிக்குடாவில் குளித்து வளர்ந்தவருக்குக் கடலுக்காக மட்டும் மாலைதீவு எதற்கு? முக்குளிக்க ஆசையென்றால் சரி. பிள்ளைகளோடு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் சிங்கப்பூர்தான்.