மஞ்சக்குப்பத்துக் குழந்தைகள் மருத்துவமனை: எங்கள் அனுபவம்

தடுப்பூசி போடச் சென்ற ஓரிடத்தில், எங்கள் ஆறு மாத மகனின் தலையைப் பார்த்து, "பெரிதாக இருக்கிறது, மூளையில் நீர் கோத்திருக்கலாம்" என்று விளக்கமேதுமின்றிச் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் தூக்கமின்றித் தவித்த பிறகே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள இந்தச் சிறிய மருத்துவமனைக்கு வந்தோம்.

மருத்துவர் இழுத்தாலும் நீளாத அளவுநாடாவைப் புருவங்களுக்குச் சற்று மேலே வைத்து, பின்மண்டையில் அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மூன்று முறை அளந்து, பெரிய அளவான 46 செ.மீ.-ஐக் குறித்துக்கொண்டார். அந்த வயது ஆண் குழந்தையின் நடுவளவு சுமார் 43 செ.மீ. என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் காட்டியவர், ஒரே ஓர் அளவை விட, மாதாமாதம் குறித்த புள்ளிகள் ஒரே கோட்டையொட்டிப் போகின்றனவா, திடீரென மேலே தாவுகின்றனவா என்பதே முக்கியம் என்று பொறுமையாக விளக்கினார். உச்சிக்குழியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார், அது புடைத்திருக்கவில்லை. பிறகு என் கணவரின் தலையையும் அளந்தார்: 60 செ.மீ. "அவங்க அப்பாவுக்கும் இதே தலைதான்" என்றார் மாமியார். உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேனிலும் குறையேதும் இல்லை, குடும்பவாகுதான் என்றார் மருத்துவர்.

விடாத வாந்தி, உச்சிக்குழிப் புடைப்பு, கருவிழி கீழ்நோக்கியே நிற்பது ஆகியவை தெரிந்தால் உடனே தூக்கி வரச் சொன்னார்.

காத்திருக்கும் இடம் நெரிசலானது, இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.